அத்தியாயம் 6: மூடிய ஓடையைத் தீட்டுதல்

கோலாலம்பூரின் செந்தூலில் தண்டாயுதபாணி கோயில் இருக்கும் பக்கத்துச் சாலைக்கு ஜாலான் கோவில் ஹிலிர் என்று பெயர். தினமும் அந்த வழியாகப் போகிறவர்கள்கூட அந்தப் பலகையை நின்று படித்திருக்க மாட்டார்கள். கோவில் நம் சொல். ஹிலிர் மலாய்ச் சொல். ஆறு இறங்கிப் போகும் பக்கம் என்று பொருள். அது புறப்பட்டு வரும் பக்கம் ஹுலு. மலாயில் ஊருக்கு மேல், கீழ் சொல்வதே ஆற்றை வைத்துத்தான். இங்கே ஒரு நீரோட்டம் உண்டு, நீ அதன் கீழ்ப்பக்கத்தில் நிற்கிறாய் என்று அந்தப் பலகை சொல்வதாகவே நான் எடுத்துக்கொள்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரை மணிக்கு, ஜாலான் ஈப்போவில் லாரிகள் குறைந்திருக்கும் நேரத்தில், அந்த வட்டாரத்துச் சந்துகளில் நடந்து பாருங்கள். இரும்புச் சட்டம் போட்ட வடிகால் வாய்களில் சில ஊமையாக இருக்கும். சிலவற்றில் சளசளவென்று தண்ணீர் போகும் சத்தம் கேட்கும். மூன்று நாள் மழையில்லாமல் இருந்தும் அந்தச் சத்தம் ஓயவில்லை என்றால் காலுக்குக் கீழே ஓடுவது வெறும் மழைத்தண்ணீர் இல்லை. அந்தச் சத்தத்தை எப்படிப் படமாக்குவது என்பதுதான் இந்த அத்தியாயம்.

இதுவரை தித்திவங்சா ஏரி, கிள்ளான் படகுத்துறை என்று கண்ணெதிரே விரிந்து கிடக்கும் நீரைத் தீட்டினோம். இங்கே நீர் பாதி தெரியும், பாதி தெரியாது. தெரிகிற பாதியும் சிமெண்டுச் சுவருக்கு நடுவே, தே தாரிக் நிறத்தில் போகும். பலரும் இதைப் பார்த்துவிட்டு, வேறு அழகான இடத்துக்குப் போகலாமே என்பார்கள். போக வேண்டாம். சுவரையும், கம்பியில் சிக்கிய பிளாஸ்டிக் பையையும், பக்கத்து வீட்டுக் குழாய் வந்து விழும் இடத்தையும் உள்ளது உள்ளபடி தீட்டுங்கள். அதற்கு ஒரு வலுவான காரணம் இருக்கிறது. சியோல் நகரத்து ஓவியர் ஒருவரின் படத்தை வைத்து அதைச் சற்றுப் பிறகு சொல்கிறேன்.

ஓடையைக் கண்டுபிடிப்பது

செந்தூலின் கிழக்கே கோம்பாக் ஆறு, மேற்கே பத்து ஆறு. இரண்டும் தெற்கே சேர்ந்து, 1909இல் கட்டிய மஸ்ஜித் ஜாமேக்கின் காலடியில் கிள்ளான் ஆற்றில் கலக்கின்றன. சேறு கலக்கும் முகத்துவாரம் என்பதுதான் கோலாலம்பூர் என்ற பெயரின் பொருள். செந்தூலில் மூடிக் கிடக்கும் எந்தச் சிற்றோடையும் கடைசியில் இந்த இரண்டு ஆறுகளில் ஒன்றில்தான் போய் விழுந்தாக வேண்டும். ஆகையால் தேடலைக் கீழிருந்து மேலே தொடங்குங்கள். ஆற்றங்கரைப் பாலத்தில் நின்று எதிர்ச்சுவரைப் பாருங்கள். சதுரமாகவோ வட்டமாகவோ வாய்கள் தெரியும். வெயில் காலத்திலும் நீர் வழியும் வாயைக் குறித்துக்கொண்டு, அதற்கு நேர் மேலே இருக்கும் தெருவில் ஏறி நடங்கள்.

தெருவில் பார்க்க வேண்டியவை சில உண்டு. நேர்நேராகப் போட்ட சந்துகளுக்கு நடுவே ஒரே ஒரு சந்து மட்டும் காரணமில்லாமல் வளைந்து போனால், அது பழைய கரையைத் தொட்டுப் போகிறது என்று சந்தேகிக்கலாம். ஒவ்வொரு மழைக்கும் அதே பள்ளத்தில் தண்ணீர் தேங்கினால் அதுவும் ஒரு குறி. யாரும் நடாமல் சேம்பும் கங்கோங்கும் வாழையும் செழித்து நிற்கும் மூலையைக் கவனியுங்கள். அவற்றுக்கு அடியில் ஈரம் இருக்கிறது. பெயர்களும் உதவும். ஹுலு, ஹிலிர், கோலா, சதுப்பைக் குறிக்கும் பாயா, சிறு பாலத்தைக் குறிக்கும் திதி, நீரைக் குறிக்கும் ஆயர் என்று வரும் எந்தச் சாலைப் பெயரையும் சும்மா விடாதீர்கள்.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய வரைபடம் அந்தத் தெருவில் நாற்பது, ஐம்பது வருடம் வாழ்ந்தவர்கள். செந்தூலில் ரயில்வே குடும்பங்கள் மூன்று, நான்கு தலைமுறையாக இருக்கின்றன. மலாய் மாநில ரயில்வேயின் மையப் பட்டறைகள் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே வந்தன. தமிழ்நாட்டிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் ஆட்கள் வந்து கோட்டர்ஸ்களில் குடியேறினார்கள். 1945இல் நேச நாட்டு விமானங்கள் அந்தப் பட்டறைகள்மேல் குண்டு போட்டன. பட்டறைகள் மறுபடி எழுந்தன, பல பத்தாண்டு ஓடின, பிறகு வேலை பத்து காஜாவுக்குப் போய்விட்டது. பட்டறைச் சங்கு ஊதிய நேரத்தை மறக்காதவர்கள் ஓடை ஓடிய இடத்தையும் மறந்திருக்க மாட்டார்கள். கேளுங்கள். கேட்கும்போது கையில் படப்புத்தகம் திறந்திருக்கட்டும். கோடு போடுகிறவரைப் பார்த்தால் மனிதர்கள் தாமாகவே திருத்தம் சொல்ல வருவார்கள்.

ஏன் புதைத்தார்கள்

தூரிகையை எடுக்கும் முன் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. தெரியாமல் தீட்டினால் படம் வெறும் கோபமாகிவிடும்.

கிள்ளான் பள்ளத்தாக்கில் ஓடைகளை மூடியதில் ஒரு பங்கு மலேரியாவுக்கு உண்டு. 1901இல் கிள்ளான் நகரத்தில் மருத்துவர் மால்கம் வாட்சன் சதுப்புகளை வடித்து, புதரை வெட்டி, நோயைக் குறைத்துக் காட்டினார். மலைச்சரிவில் வேறொரு சிக்கல் வந்தது. அங்கே மலேரியாவைப் பரப்பிய கொசு, சாக்கடையில் பெருகுவதில்லை. காடு வெட்டியபின் வெயில் படும் தெளிந்த ஓடையில் பெருகுகிறது. அதனால் ஓடைகளைக் குழாய் போட்டு மண்ணுக்கடியில் அனுப்பினார்கள். ரப்பர்த் தோட்டங்களில் கூட்டம் கூட்டமாக மடிந்தவர்கள் பெரும்பாலும் நம் முன்னோர்கள்தான். அந்தக் குழாய்கள் பல உயிரைக் காப்பாற்றின. தெளிந்த ஓடை ஆபத்து, மூடிய ஓடை பாதுகாப்பு என்ற எண்ணம் அப்படித்தான் ஊன்றியது.

பிறகு வெள்ளம் வந்தது. 1926இலும் 1971இலும் கோலாலம்பூர் மூழ்கியது. ஆறுகளை நிமிர்த்தி, சிமெண்டுக் கரை கட்டி, நீரைச் சீக்கிரம் வெளியே தள்ளுவதே வழி என்று பொறியாளர்கள் முடிவு செய்தார்கள். சிற்றோடைகள் பெட்டிக் கால்வாய்களாகி, அவற்றின்மேல் கார் நிறுத்துமிடமும் கடைவரிசையும் ஏறின. சுவரைத் தீட்டும்போது அந்தச் சுவர் ஒரு பயத்தினால் எழுந்தது என்பது கையில் இருக்க வேண்டும்.

இப்போது காற்று திரும்பியிருக்கிறது. சியோலில் சியோங்கேசியோன் ஓடையை மூடியிருந்த சாலையையும் அதன்மேல் நின்ற மேம்பாலத்தையும் இடித்து, 5.8 கிலோமீட்டர் நீளத்துக்கு 2005இல் திறந்தார்கள். சிங்கப்பூரில் பீஷான் அங் மோ கியோ பூங்காவில் 2.7 கிலோமீட்டர் நேர்க்கோட்டுச் சிமெண்டுக் கால்வாயை உடைத்து, காலாங் ஆற்றை வளைந்து வளைந்து ஓடவிட்டார்கள். 2012இல் வேலை முடிந்தது. உடைத்த சிமெண்டுக் கட்டிகளையே அடுக்கி அங்கே ஒரு சிறு குன்று எழுப்பியிருக்கிறார்கள். வசதி இருப்பவர்கள் படப்பையோடு ஒரு முறை போய்வாருங்கள், பக்கத்தில்தான் இருக்கிறது. கோலாலம்பூரில் 2011இல் தொடங்கிய ஜீவநதித் திட்டம் 110 கிலோமீட்டர் ஆற்றைச் சுத்தப்படுத்தவும் 10.7 கிலோமீட்டர் கரையை அழகுபடுத்தவும் குறி வைத்தது. கோம்பாக், பத்து ஆறுகளும் அதில் சேர்த்தி. மஸ்ஜித் ஜாமேக் எதிரே நீல விளக்கும் பனிமூட்டமும் போட்ட நீலக்குளம் 2017இல் திறந்தது. மாலையில் போனால் ஆளுக்கொரு கைப்பேசியோடு நிற்பார்கள். பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் ஓவியருக்கு வேலை அந்த நீல வெளிச்சத்துக்கு வெளியே, வால்பக்கத்துச் சிற்றோடைகளில் இருக்கிறது. அவற்றை இன்னும் யாரும் படம் பிடிக்கவில்லை.

படமும் சாட்சி

ஜியோங் சியோன் (1676–1759) கொரியாவின் பெரிய நிலக்காட்சி ஓவியர். அவருக்கு முன்னால் இருந்தவர்கள் சீனத்து மலைகளை ஏட்டில் பார்த்துக் கற்பனையில் வரைந்துகொண்டிருந்தார்கள். இவர் தன் ஊர் மலைகளை நேரில் போய்ப் பார்த்து வரைந்தார். அந்த மரபுக்கு உண்மைக் காட்சி ஓவியம் என்றே பெயர் வந்தது. சியோலில் இன்வாங் மலையடிவாரத்துச் சுசியோங்டோங் பள்ளத்தாக்கை அவர் வரைந்த படத்தில், பாறைகளுக்கு நடுவே ஓர் ஓடை. அதன்மேல் நீளமான கல்லால் ஒரு சிறு பாலம்.

1971இல் அந்தப் பள்ளத்தாக்கில் அடுக்குமாடி வீடுகள் கட்டினார்கள். நாற்பது வருடம் கழித்து அவற்றை இடித்துவிட்டு, பள்ளத்தாக்கை மீட்கத் தீர்மானித்தபோது, அது முன்பு எப்படி இருந்தது என்பதற்குக் கையில் இருந்த ஆதாரங்களில் முக்கியமானது ஜியோங் சியோனின் அந்தப் படம். படத்தில் இருந்த கல்பாலமும் அங்கேயே இருந்தது. 2012இல் பள்ளத்தாக்கு மக்களுக்குத் திறந்தது. இன்று அங்கே நின்று படத்தையும் இடத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

இரண்டரை நூற்றாண்டுக்கு முன் ஓர் ஓவியர் பாறையைப் பாறை இருந்த இடத்திலேயே வரைந்ததால் அது நடந்தது. பாலத்தைக் கொஞ்சம் இடது பக்கம் தள்ளினால் படம் இன்னும் அழகாக வருமே என்று அவர் நினைத்திருந்தால், பின்னால் வந்தவர்கள் எதை நம்பியிருப்பார்கள்? நம் பக்கத்திலும் உதாரணம் உண்டு. மனோகர் தேவதாஸ் (1936–2022) பேனா மையால் வரைந்த மதுரையில், இன்று இல்லாத பல மூலைகள் அளவு மாறாமல் இருக்கின்றன. செந்தூலில் நீங்கள் தீட்டும் வடிகால் படத்தை நாளைக்கு யாராவது எடுத்துப் பார்க்கக்கூடும் என்று நினைத்துக்கொண்டு உட்காருங்கள். கை தானாக நிதானமாகும்.

நேரமும் இடமும்

கோலாலம்பூர் நிலநடுக்கோட்டுக்கு 3 பாகைதான் வடக்கே. நடுப்பகலில் சூரியன் தலைக்கு நேர்மேலே நிற்கும். நிழல் பொருளின் அடியில் ஒடுங்கிவிடும். சுவரும் தண்ணீரும் ஒரே தட்டையாகத் தெரியும். காலை ஏழரையிலிருந்து பத்து வரை நல்ல நேரம். மாலை ஐந்துக்கு மேல் வெளிச்சம் இன்னும் அழகு, ஆனால் இடிமழை பெரும்பாலும் மதியத்துக்குப் பிறகுதான் வரும். ஏப்ரலிலும் அக்டோபர், நவம்பரிலும் மாலையை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

இனி ஆபத்து. இதை வேகமாகப் படித்துப் போய்விட வேண்டாம்.

சிமெண்டுக் கால்வாயின் தரையில் இறங்கி உட்காரவே கூடாது. உங்கள் தலைக்குமேல் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே மேல்பக்கம் கோம்பாக்கில் மழை கொட்டினால், நீர் சில நிமிடத்தில் ஆளுயரத்துக்கு வரும். சிமெண்டு நீரைப் பிடித்து வைக்காது. அதைக் கட்டியதே சீக்கிரம் அனுப்பத்தான். ஒரு முறை கரைப்படியில் வைத்திருந்த என் பலகையும் ஈரப் படமும், நான் தண்ணீர் வாங்கிவந்த இடைவெளியில் போய்விட்டன. பலகை போனது பரவாயில்லை. அந்தப் படியில் நான் இருந்திருக்கலாம். கிளம்பும் முன் வடிகால், நீர்ப்பாசனத் துறையான ஜே.பி.எஸ்.ஸின் வெள்ளத் தகவல் பக்கத்தில் ஆற்று மட்டத்தையும் மழை அளவையும் பார்த்துவிடுங்கள். அபாயச் சங்கு ஒலித்தால் படத்தை விட்டுவிட்டு மேலே ஏறுங்கள்.

வண்ணத் தட்டுக்கு வடிகால் நீரை மொண்டு பயன்படுத்தாதீர்கள். எலிக்காய்ச்சல் அந்த நீர் வழியாகத்தான் வரும். கையில் கீறல் இருந்தால் கையுறை போடுங்கள். வீட்டிலிருந்து ஒரு புட்டி நல்ல தண்ணீர் போதும். ரயில் தடத்துக்குள் போவது சட்டப்படி குற்றம், உயிருக்கும் கேடு. பட்டறைகளின் பழைய கூரைகள் பின்னணியில் வேண்டும் என்றால் ரயில் நிலையத்துப் பாலங்களிலிருந்தே நன்றாகத் தெரியும். ஜாலான் ஸ்ட்ராச்சானில் பழைய ரயில்வேக் கட்டடத்துக்குள் 2005இல் திறந்த கலைமையமான கேஎல்பேக்கைச் சுற்றிய பூங்காவில் நீரும் பெரிய மரங்களும் இருக்கின்றன. ஆனால் அது தனியார் நிலம், காவலரிடம் கேட்டுவிட்டு உட்காருங்கள். தனியாகப் போகாதீர்கள். இரண்டு பேராவது சேர்ந்து போங்கள்; ஒருவர் தீட்டும்போது இன்னொருவர் கண் தண்ணீர்மேல் இருக்கட்டும்.

பை

குறைவாகத் தூக்குங்கள். மடக்கு நாற்காலி, ஏ5 அளவுப் பருத்திக் காகிதம் 300 ஜி.எஸ்.எம்., வட்டத் தூரிகை இரண்டு, அகலத் தூரிகை ஒன்று, பென்சில், தடத்தாள், துணி. நீர்வண்ணத்தோடு வெள்ளைக் குவாஷ் ஒரு டியூப் அவசியம். காரணம் கீழே வருகிறது. நம் ஊர்க் காற்றில் ஈரப்பதம் அதிகம். முதல் பூச்சு காய இருபது நிமிடம்கூட ஆகும். உலர்ந்துவிட்டது என்று நம்பி இரண்டாவது பூச்சைப் போட்டால் காலிஃபிளவர் மாதிரி கறை விரியும். இரண்டு தாள்களைப் பக்கத்தில் வைத்து, ஒன்று காயும்போது மற்றொன்றில் வேலை செய்வதே இதற்கு மருந்து. வீட்டுக்குக் கொண்டுபோன படங்களை மூடிய பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். இல்லாவிட்டால் ஆறு மாதத்தில் பழுப்புப் பூஞ்சைப் புள்ளிகள் வந்துவிடும்.

முதல் பத்து நிமிடம்

நிலக்காட்சியைப் பார்க்க நமக்குத் தொல்காப்பியம் ஓர் ஒழுங்கு வைத்திருக்கிறது. முதற்பொருள் நிலமும் பொழுதும். கருப்பொருள் அங்கே வாழும் மரம், பறவை, விலங்கு, தொழில். உரிப்பொருள் மனிதருக்குள் நடப்பது. கவிதைக்குச் சொன்னதுதான், ஓவியருக்கும் அப்படியே பொருந்தும், அந்த வரிசையிலேயே பொருந்தும். உட்கார்ந்தவுடன் எழுதுங்கள்: இடம், மணி, வானம், கடைசி மழை எப்போது. அடுத்து, கண்ணில் படும் உயிர்கள். செந்தூல் வடிகாலில் பத்து நிமிடம் அசையாமல் இருந்தால் பட்டியல் நீளும். வெள்ளைக் கொக்கு, மீன்கொத்தி, மைனா, சிமெண்டில் வயிறு தேய நகரும் உடும்பு. தண்ணீருக்குள் கறுப்பாக ஒட்டிக்கொண்டிருப்பது, மக்கள் இக்கான் பண்டாராயா என்று சொல்லும் மீன். ஊரைச் சுத்தம் பண்ணும் நகராட்சி மீன் என்று அர்த்தம், தென் அமெரிக்காவிலிருந்து மீன்தொட்டிக்காக வந்து ஆற்றில் பெருகிவிட்டது. கரையில் தூங்குமூஞ்சி மரம் இருந்தால் அதன் இலையைப் பாருங்கள். மூடத் தொடங்கியிருந்தால் வானத்தையும் பாருங்கள். மழைமேகம் இருட்டும்போதும் அது இலையை மூடும்.

உங்களுக்குள் என்ன நடக்கிறது என்பதைக் கடைசியில் எழுதலாம், எழுதாமலும் விடலாம். முதல் இரண்டும் சரியாக வந்தால் மூன்றாவது படத்தில் வந்துவிடும்.

நிறம்

தண்ணீர் என்றதும் நீலத்தை எடுக்கிற பழக்கத்தை இங்கே விட்டுவிட வேண்டும். இந்த ஆறுகள் மண்ணைச் சுமந்து வருகின்றன. மண் கலந்த நீர் ஒளியை உள்ளே விடாது. பாலைப் போல மேலேயே திருப்பி அனுப்பும். வெறும் நீர்வண்ணத்தால் இந்தப் பால்தன்மை வராது, பழுப்புக் கண்ணாடி மாதிரி ஆகிவிடும். எல்லோ ஓக்கரில் துளி பர்ன்ட் சியன்னா சேர்த்து, அதில் வெள்ளைக் குவாஷ் கொஞ்சம் கலந்து பாருங்கள். தே தாரிக் வந்துவிடும். வெயில் நாட்களில் மண் படிந்து நீர் தெளியும். அப்போது குவாஷைக் குறைத்து, அடியில் தெரியும் பாசிக்காக ஆலிவ் பச்சையை மெல்லிய பூச்சாகப் போடுங்கள். ஒரே இடத்தை மழைக்கு மறுநாளும் ஐந்து நாள் கழித்தும் தீட்டினால், நிறம் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பது தெரியும். ஆற்றைப் பற்றி அந்த இரண்டு படமும் சேர்ந்து சொல்வதை ஒரு படம் சொல்லாது.

அடுத்தது கோணம். பாலத்தின் கைப்பிடியைப் பிடித்து நேர்கீழே பாருங்கள்: நீரின் சொந்த நிறம், மண்ணின் நிறம். அதே நீரைத் தூரத்தில், சாய்வாகப் பாருங்கள்: வானம். மண் கலந்த நீரும் சாய்ந்த கோணத்தில் வானத்தைக் காட்டும். படத்தின் அடியில் பழுப்பும் மேலே போகப்போக வெளிறிய வெள்ளியும் வந்தால், பார்க்கிறவர் கண்ணுக்கு நீர் தானாகப் படுத்துக்கொள்ளும். இதைத் தலைகீழாகப் போட்டவர்களின் ஆறு எழுந்து சுவராக நிற்பதைப் பல வகுப்புகளில் பார்த்துவிட்டேன்.

சிமெண்டு சாம்பல் நிறம் என்பது பாதி உண்மை. அல்ட்ராமரினும் பர்ன்ட் சியன்னாவும் சேர்ந்தால் சாம்பல் வரும். நீலம் கூடினால் குளிர்ச்சி, சியன்னா கூடினால் சூடு. வெயில் படும் சுவரில் சூடான சாம்பல், நிழலில் குளிர்ந்தது. கறுப்பு டியூப்பைத் தொடவே வேண்டாம். சுவரின் கீழ்ப்பகுதியில் ஒரு கரும்பச்சைக் கோடு கிடையாக ஓடுவதைக் கவனிப்பீர்கள். அன்றாடம் நீர் தொடும் மட்டம் அது. அதற்கு மேலே, ஓர் ஆள் உயரத்தில்கூட, காய்ந்த புல்லும் பையும் கம்பியில் தொங்கும். கடைசி வெள்ளம் வந்த மட்டம் அது. இந்த இரண்டு மட்டத்தையும் ஊகிக்காமல் அளந்து போடுங்கள். பென்சிலைக் கையை நீட்டிப் பிடித்து, சுவரின் முழு உயரத்தில் எத்தனையில் ஒரு பங்கு என்று பாருங்கள். படத்தில் இதைவிடப் பயனுள்ள கோடு வேறு இல்லை.

பச்சையில் கைதவறுவது எளிது. டியூப்பிலிருந்து நேராக வரும் பச்சை நம் ஊர் இலைக்குக் குளிர்ச்சி அதிகம். மஞ்சளும் அல்ட்ராமரினும் கலந்து, ஒரு துளி சிவப்பால் அடக்குங்கள். வாழையிலைக்கு மஞ்சள் கூட்டுங்கள், சேம்புக்கு நீலம். லாலாங் புல்லுக்குப் பச்சை தேவையே இல்லை, ஓக்கர் போதும். நிழல்களை முதல் பதினைந்து நிமிடத்தில் போட்டுவிட்டு அதன்பின் மாற்றாதீர்கள். ஒரு மணி நேரத்தில் சூரியன் 15 பாகை நகர்ந்திருக்கும்.

தெரியாத பாதி

ஓடை சாலைக்கடியில் நுழையும் இடத்தில் படத்தை முடித்துவிடுவது வழக்கம். கறுப்பு வாய் ஒன்றைப் போட்டு நிறுத்திவிடுவார்கள். அங்கேதான் இந்த அத்தியாயத்தின் பயிற்சி தொடங்குகிறது.

நான் இரண்டு தாளில் செய்வேன். முதல் தாள் இன்று இருப்பது: சாலை, நிறுத்திய கார், கடையின் பின்கதவு, இரும்புச் சட்டம். இதில் ஒரு கோடுகூடக் கற்பனை இல்லை. அதன்மேல் தடத்தாளை ஒட்டி, ஓடை போகும் வழியை நீர்வண்ணத்தால் அல்ல, பென்சிலால் மட்டும் போடுவேன். மேல்பக்கத்துச் சத்தம் கேட்ட சட்டம், கீழ்ப்பக்கத்து வாய், நடுவில் பள்ளம். இந்த மூன்று புள்ளியும் தெரிந்தால் கோடு ஏறக்குறைய வந்துவிடும். யாராவது நினைவிலிருந்து சொன்னதைப் புள்ளிக்கோடாகப் போடுவேன். தடத்தாளைத் தூக்கினால் இன்றைய தெரு. இறக்கினால் தெருவுக்கடியில் நீர். பார்த்ததையும் கேட்டதையும் ஒரே தாளில் கலந்துவிட்டால் பிறகு எது எது என்று எனக்கே தெரியாமல் போகும்.

மூன்றாவது தாள் விருப்பம் இருப்பவர்களுக்கு: ஓடையைத் திறந்தால் எப்படி இருக்கும். இதில் ஒரு எச்சரிக்கை. எல்லாரும் உடனே கண்ணாடித் தண்ணீரும் தாமரையும் போட்டுவிடுகிறார்கள். சியோங்கேசியோனில் ஓடும் நீரின் பெரும்பகுதி ஹான் ஆற்றிலிருந்து மின்விசையால் ஏற்றி விடுவது. தன் ஊற்றை மட்டும் நம்பி ஓடும் ஓடை வெயில் காலத்தில் இளைத்துத்தான் இருக்கும். பீஷானில் கரையைச் சரிவாகவும் அகலமாகவும் விட்டதால், பெருமழையில் நீர் புல்வெளிமேல் ஏறி, மழை விட்டபின் இறங்கிக்கொள்கிறது. செந்தூலில் அந்த அகலம் எங்கிருந்து வரும்? எந்தக் கார் நிறுத்துமிடம் போகும், எந்தச் சுவர் தள்ளிப்போகும், யாருடைய பின்கட்டு குறையும்? அதைப் படத்தில் போட வேண்டி வரும்போதுதான் ஓடையைத் திறப்பது எவ்வளவு பெரிய வேலை என்று கைக்குப் புரியும். கரையில் ஒரு செந்தூல் மரம் நடுங்கள்; புளிப்பும் இனிப்புமான பஞ்சுப்பழம் காய்க்கும் மரம். ஊருக்குப் பெயர் கொடுத்த மரத்தை ஊருக்குள் தேடிப் பிடிப்பதே இன்று சிரமம்.

தாளின் பின்புறம்

படம் காய்ந்ததும் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதுங்கள். மை பின்னால் ஊறும். தேதி, மணி, நின்ற இடம், பார்த்த திசை, கடைசி மழை, பாசிக்கோட்டின் உயரம், வெள்ளக்கோட்டின் உயரம். யாராவது எதையாவது சொல்லியிருந்தால் அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே எழுதுங்கள்.

போன வருடம் ஒரு பின்சந்தில் உட்கார்ந்திருந்தபோது, காய்கறிப் பையோடு வந்த ஒரு பாட்டி என் தோளுக்குப் பின்னால் நின்றார். “என்னாம்மா, லோங்காங்கைப் போயி வரையிற?” என்றார். ஓடையைத் தேடுகிறேன் பாட்டி என்று தடத்தாளைக் காட்டினேன். பையைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தார். “இங்கன இல்ல, இன்னும் அந்தாண்ட. அந்த மோட்டார் கடை இருக்கே, அதுக்கு அடியில. அங்கதான் படி இருந்துச்சு. கோட்டர்ஸ் பொம்பளைங்க எல்லாம் துணி தொவைப்போம்.” கோட்டை அழித்து மோட்டார் கடைக்கு அடியில் கொண்டுபோனேன், இரண்டு படி போட்டேன். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“மூணு படிம்மா. கடைசிப் படி தண்ணிக்குள்ள இருக்கும்.”

மூன்றாவது படியைப் புள்ளிக்கோட்டில் போட்டு, நீர்மட்டத்தை அதற்கு மேலே ஏற்றினேன்.